‘எல்லாம் சேர்த்து ஒரே ரேட்’... லட்சத்தீவு பேக்கேஜில் உண்மையில் என்னென்ன சேரும், எதெல்லாம் சேராது?

“ஃபுட், ஸ்டே, போட்டிங் எல்லாமே இன்க்ளூடட் சார். நீங்க ஏர்போர்ட்ல வந்து இறங்கினா போதும், மத்ததை நாங்க பாத்துக்கறோம்.”

லட்சத்தீவு டூர் பற்றி விசாரித்தால் கிட்டத்தட்ட இதே வசனம்தான் காதில் விழும். கேட்பவர்கள் ‘எல்லாமே’ என்ற வார்த்தையில் மயங்கிவிடுகிறார்கள். ஆனால் திரும்பக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த ஏர்போர்ட்? கொச்சியா, அகத்தியா? கொச்சி என்றால் அங்கிருந்து தீவு வரைக்குமான டிக்கெட் பேக்கேஜுக்குள் இருக்கிறது. அகத்தி என்றால் அந்த டிக்கெட் உங்கள் தலையில். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மொத்த பட்ஜெட்டையே புரட்டிப் போடும் வித்தியாசம் இது.

மேல்பட்டாம்பாக்கத்திலோ நெய்வேலி டவுன்ஷிப்பிலோ இருந்து கிளம்பும் ஒரு குடும்பத்தை மனதில் வைத்து, இந்த ‘ஆல் இன்க்ளூசிவ்’ கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நம் பக்கத்திலேயே சில்வர் பீச் இருக்கும்போது எதுக்கு இவ்வளவு தூரம் என்று கேட்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்!

ஆல் இன்க்ளூசிவ் என்றால் என்ன?

பெயர்தான் புதுசு, விஷயம் நமக்குப் பழசு. சமையல்காரரையும் பாத்திரங்களையும் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு காசி, ராமேஸ்வரம் என்று கிளம்பும் யாத்திரை டூர்களை யோசித்துப் பாருங்கள். தலைக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டினால் பஸ், தங்குமிடம், மூன்று வேளை சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வழியில் பர்ஸைத் திறக்க வேண்டாம்.

ரிசார்ட் உலகில் இதைப் பிரபலமாக்கியது கிளப் மெட். ஜெரார்ட் பிளிட்ஸ் என்பவர் 1950-ல் ஸ்பெயினின் மயோர்கா தீவில் கூடாரங்கள் போட்டு ஆரம்பித்தார். பின்னாளில் விருந்தினர்கள் காசுக்குப் பதிலாகக் கழுத்தில் போட்டிருக்கும் பாசிமணியைக் கொடுத்து பானம் வாங்கும் வழக்கமெல்லாம் அங்கே வந்தது.

இந்திய ஹோட்டல்களில் இதற்கு முன்னால் சில படிகள் இருக்கின்றன. புக்கிங்கில் ‘இபி’ என்று இருந்தால் அறை மட்டும். ‘சிபி’ என்றால் அறையோடு காலை டிபன். ‘எம்ஏபி’ என்றால் காலை டிபனும் இன்னொரு வேளைச் சாப்பாடும், பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாடு. ‘ஏபி’ என்றால் மூன்று வேளையும். இந்த ஏபி-யைத்தான் பல ஏஜென்ட்கள் ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்று சொல்லி விற்கிறார்கள். மூன்று வேளைச் சாப்பாடு வேறு. படகு, விளையாட்டு, நுழைவு அனுமதி, இடைப்பட்ட நேரத்து டீ, தண்ணீர் பாட்டில் வரைக்கும் சேர்வது வேறு. எழுத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

ஊட்டியில் பேக்கேஜில் ஏதாவது விட்டுப்போனால் வெளியே போய் பேக்கரியில் வாங்கிக்கொள்ளலாம். பங்காரம் மாதிரி ஒரு தீவில் அந்த வாய்ப்பே கிடையாது. ரிசார்ட்டைத் தாண்டினால் தென்னை, மணல், கடல். பேக்கேஜில் என்ன இல்லையோ அது அங்கே உங்களுக்குக் கிடைக்காது, அல்லது ரிசார்ட் சொல்லும் விலைக்குத்தான் கிடைக்கும்.

நம் நாட்டுக்குள் போகவே பர்மிட்டா?

ஆமாம். லட்சத்தீவில் மொத்தம் 36 தீவுகள். மக்கள் வசிப்பது 10-ல் மட்டும். நிலப்பரப்பு எல்லாம் சேர்த்தே 32 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. இதில் 94 சதவீதத்துக்கும் மேல் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள். அவர்களின் நிலத்தையும் வாழ்க்கை முறையையும் பாதுகாக்க 1967-ல் போடப்பட்ட விதிகளின்படி, வெளியூர் ஆட்கள் உள்ளே போக நிர்வாகத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். சுற்றுலாப் பயணிகளான இந்தியக் குடிமக்களுக்கும் இது பொருந்தும்.

இங்கே ஒரு சின்ன தகவல். 1956 வரைக்கும் இந்தத் தீவுகள் நம் மெட்ராஸ் மாநிலத்தோடுதான் இருந்தன. மினிக்காய், லக்கதீவ் தீவுகள் மலபார் மாவட்டத்திலும், அமினித்தீவுகள் தென்கன்னட மாவட்டத்திலும் சேர்ந்திருந்தன. 1956 நவம்பர் 1-ல் தனி யூனியன் பிரதேசமாகின. ‘லட்சத்தீவு’ என்ற பெயர் 1973-ல்தான் வந்தது.

பர்மிட்டைத் தனியாக விண்ணப்பித்து வாங்குவதற்கு ஆன்லைன் வசதி இருக்கிறது. ஆனால் அடையாள ஆவணம், போலீஸ் சரிபார்ப்பு, எந்தத் தீவு, எங்கே தங்கப் போகிறீர்கள் என்று பல விவரம் கேட்பார்கள். அதனால்தான் பெரும்பாலானவர்கள் பேக்கேஜில் போகிறார்கள். ஏஜென்ட் பணம் கேட்கும்போது “பர்மிட் எந்தெந்தத் தீவுக்கு?” என்று கேளுங்கள். அனுமதியில் பெயர் இல்லாத தீவில் கால் வைக்க முடியாது. மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தக்காரங்களையும் கூட்டிட்டுப் போகிற பிளான் இருந்தால், வெளிநாட்டவருக்கான விதி வேறு, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரசே நடத்தும் பேக்கேஜ்

பலருக்கும் தெரியாத விஷயம், லட்சத்தீவில் ‘எல்லாம் சேர்த்து’ முறையைப் பல ஆண்டுகளாக நடத்தி வருவது அரசு அமைப்புதான். ‘ஸ்போர்ட்ஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சுற்றுலாச் சங்கம் 1982-ல் தொடங்கப்பட்டது. இவர்களின் ‘சமுத்திரம்’ பேக்கேஜ்தான் ரொம்பப் பேர் அறிந்தது. கொச்சியில் இருந்து எம்.வி. கவரத்தி கப்பலில் 5 நாள் பயணம். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளைச் சுற்றிப் பார்க்கலாம். இரவுத் தூக்கம் கப்பலில். கப்பல் கட்டணம், சாப்பாடு, தீவில் சுற்றிக் காட்டுவது எல்லாம் ஒரே தொகைக்குள்.

ஒரு தீவிலேயே தங்க வேண்டும் என்றால் கவரத்தி, கட்மத், மினிக்காய் ஆகியவற்றுக்கும் தனித்தனித் திட்டங்கள் உண்டு. எந்த சீசனில் எது நடக்கிறது, கட்டணம் என்ன என்பதை லட்சத்தீவு நிர்வாகத்தின் இணையதளத்தில் அன்றைய தேதிக்குப் பாருங்கள். பழைய யூடியூப் வீடியோவில் சொல்லும் ரேட்டை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

தனியார் பக்கம் வந்தால், பங்காரம் பழைய பெயர். 1980-களின் கடைசியில் இருந்து கொச்சியின் கேசினோ ஹோட்டல் குழுமம் இங்கே ரிசார்ட் நடத்தியது. குத்தகைப் பிரச்சனை கோர்ட்டுக்குப் போய், பிறகு அது நின்றது. குஜராத்தைச் சேர்ந்த பிரவேக் நிறுவனம் பங்காரம், தின்னகரா தீவுகளில் கூடார விடுதிகளைக் கையில் எடுத்தது. சுஹேலி, கட்மத் தீவுகளில் தலா 110 அறைகளோடு தாஜ் ரிசார்ட்கள் கட்டப்படும் என்று 2023 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. 2024 ஜனவரியில் பிரதமர் மோடி அங்கே போய் வந்த போட்டோக்களும், அதையொட்டி மாலத்தீவோடு நடந்த சண்டையும் சேர்ந்துதான் லட்சத்தீவை நம்ம வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் கொண்டு வந்தது.

மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்து எப்படிப் போவது?

இங்கேதான் மறைந்திருக்கும் செலவு. மேல்பட்டாம்பாக்கத்தில் ரயில் நிலையம் இருந்தாலும் கொச்சிக்கு நேரடியாக ஏற முடியாது. விழுப்புரம் போய் மாறணும், இல்லையென்றால் விருத்தாசலம் வழியாக சேலம் போய் அங்கிருந்து எர்ணாகுளம் வண்டி பிடிக்கணும். எப்படிப் போனாலும் ஒரு இரவுப் பயணம். கப்பல் கிளம்புவதற்கு முந்தைய நாளே கொச்சியில் இருப்பதுதான் பாதுகாப்பு. ஆக, கொச்சியில் போகும்போது ஒரு ராத்திரி ரூம், திரும்பும்போது தேவைப்பட்டால் இன்னொன்று. எந்தப் பேக்கேஜ் விளம்பரத்திலும் இந்த வரி இருக்காது.

கொச்சியில் இருந்து தீவுகள் 220 முதல் 440 கிலோமீட்டர் தூரம். கப்பலில் தீவைப் பொறுத்து 14 மணி நேரத்தில் இருந்து 20 மணி நேரம் வரை ஆகும். விமானம் என்றால் அகத்தி மட்டும்தான், லட்சத்தீவின் ஒரே விமான நிலையம். ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர் என்பதால் ஏ.டி.ஆர் ரக சின்ன விமானங்கள்தான் இறங்கும். சீட்டு குறைவு, அதனால் விலை ஏறிவிடும். பெங்களூருவில் இருந்து அகத்திக்கு இண்டிகோ 2024 மார்ச் 31-ல் சேவை தொடங்கியது. அகத்தியில் இறங்கிய பிறகும் பங்காரத்துக்குப் படகு. அந்தப் படகும் பேக்கேஜில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்கணும். தீவைச் சுற்றிப் பவளப்பாறை இருப்பதால் பெரிய கப்பல் பல இடங்களில் கரைக்கு வராது. கொஞ்சம் தள்ளி நின்றுவிடும். அங்கே கப்பலின் பக்கவாட்டுக் கதவு வழியாக, ஆடிக்கொண்டிருக்கும் சின்னப் படகுக்கு இறங்க வேண்டும். கைபிடித்து இறக்கிவிட ஆட்கள் இருப்பார்கள், உண்மைதான். ஆனால் முட்டி வலி உள்ள அம்மாவோ, நடக்கத் தடுமாறும் தாத்தாவோ மூன்று தீவுக்கு மூன்று தடவை ஏறி இறங்குவது சாதாரண விஷயம் இல்லை. அவர்களோடு போவதாக இருந்தால், செலவு கூடினாலும் விமானத்தில் போய் ஒரே தீவில் தங்குவதுதான் சரி என்பது என் கருத்து. வாந்தி மயக்கத்துக்கு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கேஜில் எதெல்லாம் சேராது?

ஸ்கூபா டைவிங் பெரும்பாலும் தனிக் காசு. ‘வாட்டர் ஸ்போர்ட்ஸ் இலவசம்’ என்று போட்டிருந்தால் கயாக், ஸ்நார்க்கலிங் என்ற அளவில்தான் இருக்கும். ஸ்நார்க்கலிங் கண்ணாடி வாடகை கூட சில இடத்தில் தனி. வீடியோ எடுத்துக் கொடுப்பது தனி.

மது விஷயத்தில், லட்சத்தீவில் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. பங்காரம் மட்டும் விதிவிலக்கு. ‘அன்லிமிடெட் டிரிங்க்ஸ்’ என்று மற்ற தீவுக்கு யாராவது விளம்பரம் போட்டால், அந்த ஒரு வரியை வைத்தே அது போலி என்று முடிவு செய்யலாம்.

சாப்பாட்டில் சூரை மீனும் தேங்காயும்தான் ராஜா. நம்ம ஊர்க் கடைகளில் கிடைக்கும் மாசிக் கருவாட்டின் தாயகங்களில் மினிக்காயும் ஒன்று. சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சாதம், சாம்பார், கூட்டு கிடைக்கும். ஆனால் காய்கறி கேரளா, மங்களூர் பக்கமிருந்து கடல் தாண்டித்தான் வருகிறது. கப்பல் தாமதமானால் தட்டில் வகை குறையும். புக்கிங்கிலேயே சைவம் என்று எழுதிவிடுவது நல்லது.

மக்கள் வசிக்கும் தீவுகளில் இஸ்லாமியக் குடும்பங்கள்தான் பெரும்பான்மை. அங்கே உள்ள கடற்கரையில் நீச்சல் உடையில் சுற்ற முடியாது. இன்னொன்று, கரையில் கிடக்குதே என்று பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி அது குற்றம். ஊர் திரும்பும்போது லக்கேஜ் சோதனையில் மாட்டினால் வம்பு.

மழைக்காலத்தில் யார் நஷ்டம்?

மே மாதப் பாதியில் இருந்து செப்டம்பர் பாதி வரை தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், கப்பல் பயணங்கள் குறையும் அல்லது தள்ளிப்போகும். பள்ளி லீவு முடிவதற்குள் போய்விடலாம் என்று மே கடைசி வாரத்துக்கு மலிவு ஆஃபர் வந்தால், அது ஏன் மலிவு என்று யோசிக்கணும்.

வானிலையால் ரத்தானால் கப்பல் காசு திரும்பக் கிடைக்கலாம். கொச்சியில் கூடுதலாகத் தங்கும் இரண்டு நாள் ரூம் வாடகையும், தவறிப்போன ரயில் டிக்கெட்டும்? அதுதான் கேள்வி. வானிலை சரியாக இருந்தாலும் கப்பல் பழுதாகலாம். 2021 டிசம்பரில் எம்.வி. கவரத்தியின் என்ஜின் அறையில் தீப்பிடித்து, கப்பலை இழுத்து வர வேண்டியதானது. பயணிகள் பத்திரமாக மீட்கப்பட்டார்கள். ஆகவே திரும்பும் தேதிக்கு மறுநாளே ஆபீஸ், மறுநாளே கல்யாணம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

அந்தக் கப்பலில் நீங்கள் மட்டும் போவதில்லை. கொச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஊருக்குப் போகிற தாய்மார்கள் என்று தீவு மக்களுக்கும் அதுதான் வழி. கப்பல் சீட்டு கிடைக்கவில்லை என்பது அவர்களின் நீண்ட நாள் புகார். நமக்கு விடுமுறை, அவர்களுக்கு அது டவுன் பஸ்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இதில் நம்ம சென்னைக்குப் பங்கு இருக்கிறது. தீவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மணலுக்கு அடியில் மெல்லிய படலமாக நிற்கும் மழைநீர்தான் நல்ல தண்ணீர். அதிகமாக உறிஞ்சினால் கடல்நீர் புகுந்துவிடும். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-ல் கவரத்தியில் ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர் தரும் ஆலையை அமைத்தது. சுமார் 350 மீட்டர் ஆழத்தில் இருந்து குளிர்ந்த கடல்நீரை மேலே இழுத்து, காற்றழுத்தம் குறைந்த அறையில் ஆவியாகும் மேல்மட்டக் கடல்நீரை அதை வைத்துக் குளிரவைத்து நல்ல தண்ணீராக்கும் முறை இது. 2011-ல் மினிக்காய், அகத்தி தீவுகளிலும் இதே போல ஆலைகள் வந்தன.

1 லட்சம் லிட்டர் என்பது பெரிய எண் மாதிரித் தெரியும். ஒரு ஊருக்கே அதுதான் என்று வைத்துப் பாருங்கள். ரிசார்ட் அறைக்குத் தனி நீச்சல் குளம் என்று விளம்பரம் வரும்போது இந்தக் கணக்கு ஞாபகம் வரணும். எத்தனை பேரைத் தீவுகள் தாங்கும், எங்கே என்ன கட்டலாம் என்று ஆராய உச்ச நீதிமன்றம் 2012-ல் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் தலைமையில் குழு அமைத்ததும் இந்தக் கவலையில்தான். பங்காரத்தைச் சேர்ந்த பவளத்திட்டில் இருந்த பரளி-1 என்ற ஆளில்லாத் தீவு கடல் அரிப்பில் முழுசாகக் காணாமல் போய்விட்டதாக 2017-ல் ஆய்வு வெளியானது.

மாலத்தீவு மலிவா?

சில நேரம் ஆமாம். இந்தியர்களுக்கு அங்கே போனதும் இலவச விசா. உண்மையான ‘ஆல் இன்க்ளூசிவ்’ ரிசார்ட்களும் அங்கேதான் அதிகம். ஆனால் விலைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பிளஸ் குறியைப் பாருங்கள். சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம். 300 டாலர் அறை என்றால் 10% சேவைக் கட்டணம் சேர்த்து 330. அதன் மேல் 2025 ஜூலையில் இருந்து 17% சுற்றுலா வரி. ஆக 386 டாலர். இது போக ரிசார்ட்டில் பசுமை வரி ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். இரண்டு பேர் நான்கு நாள் என்றால் 96 டாலர். தூரத் தீவுகளுக்குப் போகும் கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் சாயங்காலம் மாலேயில் இறங்கினால் அன்று ராத்திரி அங்கேயே ரூம் போடணும்.

வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு இங்கே பிடிக்கும் டிசிஎஸ் பற்றிப் பதற வேண்டாம். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடியது. ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

எல்டிசியில் போகலாமா?

நெய்வேலியில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். லட்சத்தீவு இந்தியாவுக்குள் இருப்பதால், ‘இந்தியாவில் எங்கும்’ என்ற எல்டிசி வகையில் வரும். மத்திய அரசு ஊழியர்களுக்கான விதியில் போக்குவரத்துக் கட்டணம் மட்டும்தான் திரும்பக் கிடைக்கும். ரூம், சாப்பாடு, போட்டிங் கிடைக்காது. எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்ட பில்லைக் கொடுத்தால் சிக்கல். கப்பல் அல்லது விமானக் கட்டணத்தைத் தனி வரியாகக் காட்டும் பில் கேளுங்கள். பொதுத்துறை நிறுவன ஊழியர்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் விதிதான் முடிவானது. பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் நிர்வாகப் பிரிவில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன்... ஏமாந்தால்?

வாட்ஸ்அப்பில் வரும் ‘இன்று மட்டும்’ ஆஃபருக்குத் தனிநபர் பெயரில் உள்ள யுபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் உள்ள ரசீது, எந்தக் கப்பல் அல்லது விமானம், எந்தத் தீவு, பர்மிட் யார் பொறுப்பு, ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்ற விவரங்கள் எழுத்தில் வேண்டும். லட்சத்தீவு நிர்வாகத்தின் அலுவலகம் கொச்சி வில்லிங்டன் தீவில் இருக்கிறது. ஏஜென்ட் உண்மையானவரா என்று சந்தேகம் வந்தால் அங்கே விசாரிக்கலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். சைபர் மோசடி உதவி எண் அது; சீக்கிரம் சொன்னால் போன பணத்தை வங்கியில் முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். போனது டூர்தான், ஆனால் சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்.

அதிலும் தீரவில்லையா? வழக்குப் போட கொச்சிக்கு அலைய வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அதாவது மேல்பட்டாம்பாக்கத்துக்காரர்களுக்குக் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, ஆன்லைனிலும் பதியலாம். பிரச்சனை நடந்த நாளில் இருந்து 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஏஜென்ட் அனுப்பிய விளம்பரப் படம், வாய்ஸ் மெசேஜ், சாட் எல்லாமே அங்கே ஆதாரம்தான். போன் மெமரி நிறைஞ்சிடுச்சு என்று அதை மட்டும் டெலிட் பண்ணிடாதீங்க.